மூணாற்றில் ஆறு பருவம்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நின்று கிழக்கே நோக்கினால் மலை தெரியாது. ஆயினும் மலையின் பொருள்கள் அங்கே கண்ணுக்கும் தெரியும், மூக்குக்கும் தெரியும். ஏலக்காயும் மிளகும் தேயிலையும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிவந்து கொச்சித் துறைமுகத்தில் கப்பலேறிய வரலாறு நெடியது. 1947-ஆம் ஆண்டு முதல் தேயிலையை ஏலத்தில் விற்கும் சந்தையாகவும் கொச்சி விளங்கி வருகிறது. பொருள் இறங்கி வரும் வழியே நாமும் ஒரு முறை ஏறிச் சென்று, அது பிறந்த இடத்தைக் காண வேண்டாமா?

காண வேண்டும் என்பதில் நம் சங்கத்து நண்பர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. சுற்றுலா என்ற பேச்சு எழுந்தவுடன் மூன்று கேள்விகள் பிறக்கின்றன. எத்தனை நாள்? எவ்வளவு செலவு? எங்கே தங்குவது? நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதை நாம் கேட்பதே அரிது. எந்தப் பருவத்தில் போவது? தேர்வு முடிந்த மறுநாள் மூட்டை கட்டுவதே வழக்கமாகிவிட்டது. அந்த நான்காவது கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையூர்கள் ஆண்டு முழுவதும் விருந்தினரை வரவேற்கும் கலையில் தேர்ந்தவை. சுவிட்சர்லாந்து நாட்டின் செர்மாட், டாவோஸ் போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடைபெறும். கோடையில் புல்வெளி நடையும் மலையேற்றமும் நடைபெறும். பனிச்சரிவு நேரும் என்று அஞ்சும் நாளில் அந்தச் சரிவுகளை மூடிவிடுவார்கள். எந்த மாதத்தில் எது செய்யத் தக்கது என்பதை அங்கே மலைதான் முடிவு செய்கிறது.

இந்த அறிவு தமிழருக்குப் புதியதன்று. நிலத்தைத் திணையாகப் பகுத்த நம் முன்னோர், ஒவ்வொரு திணைக்கும் உரிய காலத்தையும் வகுத்தனர். மலைநிலமாகிய குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரிய பெரும்பொழுதுகள் என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். ஐப்பசி முதல் தை வரையுள்ள நான்கு மாதங்கள் அவை. நாமோ சித்திரையிலும் வைகாசியிலும் மலைக்கு ஓடுகிறோம்!

வழியும் உயரமும்

எர்ணாகுளத்திலிருந்து மூணாறு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை அவ்வூர் வழியாகவே செல்கிறது. கோதமங்கலம் கடந்து, 1935-இல் திறக்கப்பட்ட நேரியமங்கலம் பாலத்தில் பெரியாற்றைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். சீயப்பாறை, வாளறை அருவிகளும் அடிமாலியும் கடந்தால் மூணாறு. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடமாதலால் இப்பெயர் பெற்றது.

ஊரின் உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்பது நாம் புவியியலில் படித்தது. ஆகவே கொச்சியில் 30 பாகையாக இருக்கும் நாளில் மூணாற்றில் 20 பாகை அளவே இருக்கும். பக்கத்திலுள்ள ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் அதுவே.

இந்த உயரத்தில் மலையின் மடிப்புகளில் சோலைக்காடும், சரிவுகளில் புல்வெளியும் உள்ளன. மழைநீரை உறிஞ்சி வைத்து, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு வழங்குபவை இவை. முதிரப்புழை பெரியாற்றில் கலக்கிறது. அந்தப் பெரியாற்று நீரைத்தான் ஆலுவாவில் எடுத்துக் கொச்சி மாநகருக்குக் குடிநீராக அனுப்புகிறார்கள். மலையை மிதித்துக் கெடுத்தால் கெடுவது நம் வீட்டுக் குடமும் ஆகும்.

காரும் கூதிரும்

ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். மழை சற்றே ஓயும், அருவிகள் நிறைந்திருக்கும். குறிஞ்சிக்குத் தன் பெயரையே தந்த நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மலர்வது பெரும்பாலும் இப்பருவத்தில்தான். 2006-இலும் 2018-இலும் மலர்ந்தது. அடுத்து 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. இன்று முதலாண்டில் இருப்பவர் அன்று எங்கே பணியாற்றுவாரோ! எனினும் நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பூத்த செடியைப் பறிப்பது சட்டப்படி குற்றம். பறித்த செடி விதை தராது; விதை இல்லையேல் அடுத்த பன்னிரண்டாம் ஆண்டும் இல்லை.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். காலையில் வானம் தெளிந்திருக்கும். பிற்பகலில் வடகிழக்குப் பருவமழை எட்டிப் பார்க்கும். ஆகவே விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பும் நடைக்கு ஏற்ற காலம். இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராஜமலைப் பகுதிக்குச் செல்லத் தக்க நாள்களும் இவையே. 97 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்கா 1975-இல் சரணாலயமாகி 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. வனத்துறையின் வண்டியிலேயே மேலே செல்ல வேண்டும். தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாட்டை இங்கே சில அடித் தொலைவிலேயே காணலாம். செங்குத்துப் பாறையில் அது கால் பதிக்கும் திறத்தைப் பார்த்தவர், தம் காலணியைப் பற்றிப் பெருமை பேசமாட்டார்.

முன்பனி

மார்கழியும் தையும் மூணாற்றின் முடிசூடிய மாதங்கள். இரவில் வெப்பம் கீழிறங்கி, சில ஆண்டுகளில் உயர்ந்த தோட்டங்களில் சுழியத்தையும் தாண்டிக் குறைகிறது. விடியலில் புல்வெளி உறைபனியால் வெளுத்திருக்கும். பனிச்சறுக்கு இங்கே இல்லை. ஆனால் வெயில் ஏற ஏற அந்த வெண்மை நீராகி மறைவதைக் காணும் கால்மணி நேரம் போதும். கொழுந்துக்கு உறைபனி பகை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நமக்குக் காட்சியாவது, செடியை வளர்ப்பவருக்கு இழப்பு.

வானம் தெளிந்திருப்பதால் டாப் ஸ்டேஷன் செல்லவும் இதுவே காலம். மூணாற்றிலிருந்து ஏறக்குறைய 32 கிலோமீட்டர். பெயர்க் காரணம் ஒரு வரலாற்றுப் பாடம். 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்றை அமைத்தார்கள். 1908-இல் அது சிறிய இருப்புப்பாதையாயிற்று. மூணாற்றுத் தேயிலை அதில் ஏறி மாட்டுப்பட்டி வழியாக இம்முனைக்கு வந்து, கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டக்குடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சென்றது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அழித்துவிட்டது. மலையின் விருப்பத்தை மீறி நிற்கும் பாதை எதுவும் இல்லை என்பதற்கு இது முதற்சான்று.

பின்பனியும் இளவேனிலும்

மாசியும் பங்குனியும் பின்பனி. வரையாடு குட்டி ஈனும் காலமாதலால் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இராஜமலையை மூடிவிடுகிறார்கள். 'இவ்வளவு தூரம் வந்தோமே' என்று வாயிலில் நின்று வாதாடுவோர் ஆண்டுதோறும் உண்டு. பேறுகாலத்தில் உறவினரே கதவைத் தட்டத் தயங்குவர். நாம் ஏன் தட்ட வேண்டும்?

இப்பருவத்தின் மற்றோர் அச்சம் தீ. புல் காய்ந்து கிடக்கும், காற்றும் வீசும். 2018 மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் நம் வயதை ஒத்தவர்கள். புல்வெளியில் தீ, ஓடும் மனிதனைவிட விரைந்து மேலேறும். ஆகையால் இம்மாதங்களில் நீண்ட மலை நடையை அறவே விட்டுவிடுதல் நன்று. சாலையோரத்து ஜகரண்டா மரங்கள் ஊதா நிறத்தில் பூத்திருக்கும். அவற்றின் நிழலில் நடப்பதே போதிய இன்பம்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில். விடுமுறைக் கூட்டம் அலைமோதும். மலைச்சாலையில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அப்போதுதான் போக முடியும் என்றால், கூட்டம் நாடாத கல்வியை நாடுங்கள். நல்லதண்ணித் தோட்டத்தில் தேயிலை அருங்காட்சியகம் உண்டு. மாட்டுப்பட்டியில் 1963-இல் தொடங்கிய இந்திய-சுவிசுத் திட்டத்தின் கதை உண்டு. ஆல்ப்ஸ் மலையின் பழுப்பு நிறச் சுவிசு மாடுகளைக் கொணர்ந்து, நம் நாட்டு மாடுகளுடன் கலந்து, 'சுனந்தினி' என்னும் இனத்தை உருவாக்கிய திட்டம் அது. ஆல்ப்ஸைக் காண நம்மால் போக இயலாவிட்டாலும், ஆல்ப்ஸ் நம்மிடம் வந்து பால் கொடுத்தது!

முதுவேனில் என்னும் பெருமழை

ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பது கிழக்குச் சமவெளிக்குப் பொருந்தும் கணக்கு. மலையின் மேற்குப் பக்கத்திலோ, அதே மாதங்களில்தான் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. பாடநூலை மனப்பாடம் செய்தவர் இங்கே தவறுவார். நிலத்தைப் படித்தவர் தப்புவார்.

அப்போது மலைக்குப் போகவே கூடாதா? போகலாம், ஆனால் மலையின் மறுபக்கம். மூணாற்றுக்கு வடகிழக்கே மறையூரும், அதற்கப்பால் சின்னாறு வனவிலங்குச் சரணாலயமும் மழை மறைவு நிலங்கள். முகில்கள் மேற்கே நீரைக் கொட்டிவிட்டு, வெறுங்கையுடன் இங்கே வருகின்றன. ஏறக்குறைய 60 கிலோமீட்டர்ப் பயணத்தில் நனைந்த சோலை மறைந்து முட்காடு தோன்றுவது, புவியியல் வகுப்பில் ஒரு திங்கள் கற்பதை ஒரு பிற்பகலில் கற்பிக்கும். சந்தனக்காடும், பழங்காலக் கல்லறைகளாகிய முனியறைகளும், சாம்பல் நிற மலை அணிலும் அங்கே உண்டு. வழிகாட்ட மலைவாழ் மக்களே வருவர். எனினும் அங்கே செல்லும் சாலைகளும் மழை பெய்யும் மலையின் வழியேதான் போகின்றன. எச்சரிக்கை விடுத்த நாளில் புறப்படாதிருப்பதே அறிவு.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராஜமலைக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. மின்சாரமும் தொலைபேசியும் அற்ற அவ்விரவின் செய்தி வெளியுலகை அடைந்தது மறுநாள் காலையில்தான். மாண்டவர் எழுபது பேர், பெரும்பாலோர் தமிழர். நாம் அருவி பார்க்கப் போகும் அதே மழைதான் அவர்களை விழுங்கியது. நாம் மழைக்குத் தப்பிக் கொச்சிக்கு இறங்கிவிடலாம். அங்கே வாழ்பவர் எங்கே இறங்குவார்?

விருந்தினரின் கடமை

இந்தத் தோட்டங்களை உண்டாக்க, கங்காணிமார் வழியாகத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து அழைத்து வரப்பட்டோரின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களுமே இன்று அங்கே கொழுந்து எடுக்கிறார்கள். அவர்களுக்கும் முன்பிருந்தே மலையில் வாழும் முதுவர், தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்ததாகக் கூறுவர். ஆகவே மூணாற்றில் வழி கேட்க வேற்றுமொழி வேண்டியதில்லை. நாம் நடந்து மகிழும் ஒற்றையடிப் பாதைகளில் பல, தோட்டத்துப் பெண்மணிகள் கூடை சுமந்து தேய்த்த பாதைகள்.

பயணக் குழுவினர் இவற்றை மனத்திற் கொள்க. முதலில் பருவத்தைத் தேர்ந்து, பின்னர் நாளைக் குறியுங்கள். வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். ஆனைமுடியும் அதற்கு விலக்கன்று. உள்ளூர் வழிகாட்டி திரும்பச் சொன்னால், மறுவார்த்தை பேசாமல் திரும்புங்கள். கம்பளி ஆடை, மழைச்சட்டை, அட்டைக்கு உப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கொண்டு சென்ற பிளாஸ்டிக்கைக் கொண்டே திரும்புங்கள். இருட்டிய பின் காட்டுச்சாலை யானைக்கு உரியது. அதனிடம் வழியுரிமை கேளாதீர்கள். கொழுந்து எடுப்போரைக் கேளாமல் படம் பிடிக்காதீர்கள், 'அக்கா, நலமா?' என்று ஒரு சொல் கேட்ட பிறகு பேச்சும் வரும், பாடமும் வரும்.

மூணாற்றுக்கு ஆண்டு முழுவதும் போகலாம். ஆனால் ஆண்டு முழுவதும் ஒன்றையே செய்தல் ஆகாது. நம் சங்கத்தின் அடுத்த சுற்றுலா, தேர்வு அட்டவணையைப் பார்த்து அன்றி, மலையின் நாள்காட்டியைப் பார்த்துப் புறப்படட்டும். மார்கழி விடுமுறை நமக்காகக் காத்திருக்கிறது.