இடுப்பெலும்பு முறிந்தது என்கிறோமே, உண்மையில் முறிவது எது?



"நன்னி ஒளூ செய்யப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது" என்று மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருபவர்கள் உண்டு. எக்ஸ்ரேயைப் பார்த்தால் பெரும்பாலும் முறிந்திருப்பது தொடை எலும்பின் மேல்முனை. கட்டுப் போட்டுக் காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு விடை அந்த மேல்முனையின் அமைப்பிலேயே இருக்கிறது.

உடலின் மிக நீளமான எலும்பு தொடை எலும்பு. அதன் உச்சியில் பந்து போன்ற தலை இருக்கிறது. இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழிக்குள் அது சுழல்கிறது. தலைக்குக் கீழே குறுகிய கழுத்து. அது ஏறத்தாழ 125 பாகைக் கோணத்தில் சாய்ந்து எலும்புத் தண்டோடு சேர்கிறது. சேரும் இடத்தில் வெளிப்பக்கம் ஒரு பெரிய புடைப்பும் உட்பக்கம் ஒரு சிறிய புடைப்பும் உள்ளன. இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள், கையில் தட்டுப்படுவது பெரிய புடைப்பு. புட்டத் தசைகள் அதைப் பற்றியிருப்பதால்தான் ஒற்றைக் காலில் நின்றாலும் இடுப்பு சரிவதில்லை. மூட்டின் முன்னால், தொடை இடுக்கில், காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் உள்ளன. பின்னால் விரல் தடிமனில் ஒரு நரம்பு இறங்குகிறது. (புட்டத்தில் ஊசி போடுபவர்கள் மேல்வெளிப் பகுதியைத் தேடுவது அந்த நரம்பைத் தவிர்க்கத்தான்.)

இனி ரத்த ஓட்டத்துக்கு வருவோம். பந்துத் தலைக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி, கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய குழாய்கள் வழியாகவே போகிறது. கழுத்து முறிந்து விலகினால் அக்குழாய்களும் அறுந்துபோகலாம். ரத்தம் போகாத எலும்பு எண்ணெய்க் கட்டால் எப்படி உயிர்பெறும்? மூட்டோ தடித்த தசைகளுக்குள் ஆழத்தில் இருக்கிறது. வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் முறிந்த முனைகள் அசையாமல் நிற்காது. அதனால்தான் முதியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தலையை எடுத்துவிட்டுச் செயற்கைத் தலை பொருத்துகிறார்கள்.

இரு புடைப்புகளுக்கும் இடையே முறிந்தால் நிலைமை வேறு. அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் எலும்பு கூடிவிடும். ஆனால் தசைகள் இழுப்பதால் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கோணலாகக் கூடும். அதைத் தடுக்கவே தகடோ கம்பியோ வைக்கிறார்கள்.

"எண்பது வயசாச்சு, இனி எதுக்கு ஆபரேஷன்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வயதானவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைப்பதுதான் எங்களுக்கு அதிக அச்சம் தருகிறது. நெஞ்சில் சளி கட்டுகிறது, படுக்கைப் புண் வருகிறது, கால் நாளங்களில் ரத்தம் உறைகிறது. உடல்நிலை இடம்கொடுத்தால் இரண்டு நாட்களுக்குள் அறுவை சிகிச்சையை முடிப்பதே நல்லது.

விழுந்தவரை எழுப்பி நிற்கவைக்காதீர்கள், காலை இழுத்து நேராக்காதீர்கள். 108க்குச் சொல்லிவிட்டு, படுத்தபடியே கொண்டுபோங்கள். சிலர் முறிவோடும் மெல்ல நடப்பார்கள். தொடை இடுக்கில் வலி என்பார்கள், சிலர் முழங்காலைக் காட்டுவார்கள். விழுந்த முதியவர் இப்படிச் சொன்னால் இடுப்பையும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

சிகிச்சைக்குப் பின் நடந்து பழக வாக்கர் தேவைப்படுவோர், மருத்துவர் எழுதிய சீட்டுடன் நம் அலுவலகத்திற்கு வந்து கேட்கலாம்.