தூண்டில் ஈக்களுக்கு ரோமத்தால் உடல் கட்டும் முறை

குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரௌட் மீன் பெரும்பாலும் நீரிற் பிறக்கும் சிறு பூச்சிகளை உண்டு ஜீவிக்கின்றது. அப்பூச்சிகளின் உருவை இறகு, ரோமம், நூல் ஆகியவற்றால் தூண்டில் முள்ளின்மீது கட்டி மீன் பிடித்தல் மேனாட்டாரின் பழைய வழக்கமாகும். 1496-ல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலொன்று இத்தகைய பன்னிரண்டு ஈக்களை விவரிக்கின்றது. அவற்றுட் பலவற்றின் உடல் ஆட்டு ரோமத்தாலாயது. நீலகிரியில் டிரௌட்டை வளர்க்க 1863-ல் டாக்டர் பிரான்ஸிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச். ஸி. வில்ஸன் உழைப்பால் வானவில் டிரௌட் அங்கே நிலைபெற்றது. ஆகவே இக்கைத்தொழில் நம் நாட்டாரும் அறியத்தக்கது.

ரோமத்தின் தன்மை

ஈ மிதப்பதும் அமிழ்வதும் பெரிதும் உடலின் ரோமத்தைப் பொறுத்தது. மான் ரோமத்தின் உட்புறம் காற்று நிறைந்த நுண்ணிய அறைகளாலானது. ஆதலின் அது மிதக்கும். நூலால் இறுக்கினால் விரிந்து முள்ளைச் சுற்றி நிற்கும். பின் கத்தரியால் வடிவு திருத்தலாம். கனடாவின் மிராமிச்சி ஆற்றில் சால்மன் மீனுக்கு வழங்கும் 'பாம்பர்' என்னும் ஈ இவ்வாறு கட்டப்படுவதே. முயலின் அடிரோமமோ மென்மையானது. நீரை உறிஞ்சி அமிழும். ஆங்கில நாட்டில் பெயர்பெற்ற 'முயற்காது' ஈ இவ்வகையைச் சேர்ந்தது.

எங்கிருந்து பெறுவது

மலைப்பிரதேசத்தில் இருப்போர் கடமான், காட்டு முயல் இவற்றின் ரோமத்தை நாடுதல் கூடாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வேட்டையாடுதல் குற்றமாகும். காட்டில் இறந்து கிடக்கும் மானும் சர்க்காரின் சொத்தேயாதலால், அதன் தோலை எடுத்து வருவோர் தண்டனைக்கு ஆளாவர். அதற்கு அவசியமும் இல்லை. இறைச்சிக்காக வளர்க்கும் 'சோவியத் சின்சில்லா' முயலின் தோலில் சாம்பல் நிற அடிரோமமும், கருமையும் வெண்மையும் கலந்த மேல்ரோமமும் உள்ளன. காட்டு முயலுக்கு இது தக்க பிரதியாகும். வீணாக எறியப்படும் அத்தோலை உப்புத் தடவி நிழலில் உலர்த்தி, பூச்சி அரிக்காதபடி மூடியுள்ள தகர டப்பாவில் வைத்தல் வேண்டும்.

கட்டும் முறை

1. 12 அல்லது 14-ம் நம்பர் முள்ளை வைஸில் பொருத்தி, கண்ணின் அருகே தொடங்கி வளைவு வரை மெல்லிய நூலைச் சுற்றுக.

2. வளைவில் மேல்ரோமம் நாலைந்தை வாலாகவும், பொன்னிற மெல்லிய கம்பி ஒன்றையும் சேர்த்துக் கட்டுக.

3. நூலில் தேன்மெழுகு தடவி, அடிரோமத்தைச் சிறிது சிறிதாக வைத்து, விரல்களால் ஒரே திசையில் முறுக்குக. முன்னும் பின்னுமாக உருட்டினால் முறுக்கு அவிழ்ந்துவிடும்.

4. அத்திரியை வளைவிலிருந்து முன்னோக்கிச் சுற்றுக. வாற்பக்கம் ஒல்லியாகவும் மார்புப்பக்கம் பருமனாகவும் இருத்தல் வேண்டும். கண்ணருகே முடிச்சுக்குச் சிறிது இடம் விடுக.

5. கம்பியை எதிர்த் திசையில் நாலைந்து சுற்றாகக் கொணர்ந்து கட்டுக. மீனின் பல் பட்டு ரோமம் பிரியாதபடி இக்கம்பி காக்கும்.

6. முடிச்சிட்டு வார்னிஷ் ஒரு துளி வைத்து, மார்பின் ரோமத்தை ஊசியால் சற்றே கிளறிவிடுக. நீரில் அவை பூச்சியின் கால்கள்போல் அசையும்.

மிதக்கும் ஈ வேண்டுவோர் உடலை மிக மெல்லியதாகக் கட்டி, அதன்மேல் வீட்டுச் சேவலின் கழுத்திறகைச் சுற்றி, சிறிது கொழுப்புத் தடவிக்கொள்ளலாம்.

சோதனை

புதிதாகக் கற்போர் அதிக ரோமம் வைத்துக் கெடுப்பதே சாதாரணமாகக் காணும் பிழை. உலர்ந்தபோது தோற்றம் ஏமாற்றும். கட்டி முடித்ததும் ஈயை ஒரு கண்ணாடித் தம்ளர் நீரிலிட்டு நனைத்து நோக்குக. நனைந்தபின் பூச்சியளவாக ஒடுங்கித் தயங்காமல் அமிழுமாயின் வேலை செவ்வையானது. பஞ்சுபோல் உப்பி மிதக்குமாயின் அவிழ்த்து, பாதி ரோமத்துடன் மறுபடி கட்டுதலே நலம். ஓடைக்குச் சென்று ஒரு பகல் வீணாவதைக் காட்டிலும் இச்சோதனைக்காகும் ஒரு நிமிஷம் லாபகரமானது.