மைற்கல்

“ஊர் இரண்டு கல் தொலைவு” என்கின்றோம். கல் தொலைவைக் குறித்தவாற்றை ஈண்டு நோக்குவாம்.

இங்கிலாந்தில் பயணிகளிடம் சுங்கம் பெற்றுச் சாலையைச் செப்பனிடும் முறை 1663ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிற்று. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி ஹால் கல்லூரியாரோ, பெருமக்கள் இருவர் சாலைக்கென விட்டுச்சென்ற அறப்பொருளைக் கொண்டு 1725இல் மைற்கற்கள் நாட்டத் தொடங்கினர். பெரிய புனித மரியாள் ஆலயந்தொட்டு பார்க்வே வரை 16 கற்கள் நின்றன. 1767 முதல் சுங்கச்சாலைகள் அனைத்திலும் மைற்கற்கள் கட்டாயமாயின. அவற்றால் வண்டிகள் காலந் தவறாதோடின. மாற்றுக் குதிரைகளின் கூலியும் கணக்குக்குட்பட்டது.

1940இல், பகைவர் படையெடுப்பரென அஞ்சி, கற்கள் பலவற்றைப் புதைத்தனர். சிலவற்றின் எழுத்தைச் சிதைத்தனர். பகைவனுக்கும் கல் பொய்யுரையாது என்றறிந்தன்றோ அதனை மறைத்தனர்! நாம் கற்குங் கல்வியும் அக்கல்லினும் வாய்மையிற் குறைதல் தகுமோ?