குயிலுக்குப் பாட்டு வாத்தியார் யார்?

மாணவர்களே, குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவது உங்களுக்குத் தெரிந்ததே. குஞ்சுக்கு இரை ஊட்டுவது காக்கை. அதன் காதில் ஓயாமல் விழுவது 'கா, கா'. ஆயினும் வளர்ந்தபின் ஆண்குயில் 'கூ..ஊ' என்றுதான் கூவுகிறது. அப்படியானால் பறவைகளின் பாட்டெல்லாம் மரபணுக்களில் எழுதப்பட்டது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

1950-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தார்ப் என்ற ஆராய்ச்சியாளர், சாஃபிஞ்ச் என்னும் சிறு பறவையின் குஞ்சுகளைத் தம் இனத்தின் பாட்டே கேட்காதபடி வளர்த்தார். வெறும் காதால் கேட்டு ஒப்பிட்டால் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் தோன்றும். ஆகவே அவர் ஒலிவரைவியைப் பயன்படுத்தினார். நேரத்தைக் கிடை அச்சிலும் அதிர்வெண்ணைக் குத்து அச்சிலும் கொண்டு, ஒலியைத் தாளில் படமாக வரையும் கருவி அது. (பௌதிகத்துக்கு உயிரியலில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கவனிக்க!) தனித்து வளர்ந்த பறவைகளும் பாடின. பாட்டின் நீளம் ஏறக்குறைய சரியாகவே, இரண்டு மூன்று வினாடி இருந்தது. ஆனால் பாட்டைப் பகுதி பகுதியாகப் பிரிப்பதும், முடிவில் வரும் அழகிய சுழிப்பும் படத்தில் காணப்படவில்லை. கேட்டுப் பழகாததன் குறை அது.

கேட்டது எதையும் குஞ்சு கற்றுவிடுமா? கலிபோர்னியாவில் வாழும் வெண்முடிக் குருவியைப் பீட்டர் மார்லர் சோதித்தார். பிறந்த 10-ஆம் நாளிலிருந்து 50-ஆம் நாள்வரை தன் இனப் பாட்டை ஒலிநாடாவில் கேட்ட குஞ்சு, பல வாரங்கள் கழித்து அதையே பாடிற்று. அதே பருவத்தில் வேற்றினப் பாட்டை ஒலிக்கச் செய்தால் அதைப் பொருட்படுத்தவில்லை. 50 நாளுக்குப் பின் சொந்த இனப் பாட்டும் பயன்படவில்லை. எதைக் கற்பது, எப்போது கற்பது என்பதை மரபணுக்கள் வரையறுப்பதாகத் தோன்றிற்று.

இதில் மரபணுவின் பங்கு எத்தனை சதவீதம் என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. மின்விளக்கின் திறன், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கிவரும் தொகை. அதில் மின்னழுத்தத்தின் பங்கு எத்தனை சதவீதம் என்று உங்களால் சொல்ல முடியுமா?

மேலும், அந்த 50 நாள் எல்லையும் அசைக்க முடியாததன்று. 1980-களில் லூயிஸ் பாப்டிஸ்டா, பெட்ரினோவிச் என்ற இருவர் ஒலிநாடாவுக்குப் பதிலாக உயிருள்ள பறவைகளையே குஞ்சுகளுக்கு ஆசிரியராக அமர்த்தினர். 50 நாள் கடந்த குருவிகளும் கற்றன. வேற்றினப் பறவையின் பாட்டைக்கூடக் கற்றன!