மெருகு ஏற்றும் முன் ஒரு கணக்கு: விலையுயர்ந்த கைக்கடிகாரமும் மெல்லிய கீறல்களும்

திருமணத்தில் மாப்பிள்ளைக்கு, பட்டம் பெற்ற மகளுக்கு, பணி ஓய்வின்போது தமக்குத் தாமே என்று விலையுயர்ந்த கைக்கடிகாரம் வாங்கும் வழக்கம் நம் வாடிக்கையாளர் குடும்பங்களில் பெருகி வருகிறது. சில லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளில் முதல் கீறல் விழுகின்ற நாளில் மனம் படும் பாடு பெரிது. அன்றே அதைப் போக்கிவிட வேண்டும் என்று கை துடிக்கும். ஆனால் பெரும்பாலான கடிகாரங்கள் மதிப்பு இழப்பது கீறலால் அன்று. கீறலைப் போக்க மேற்கொள்ளும் அவசர முயற்சியால்தான். அதனை விளக்கி, எதை வீட்டில் செய்யலாம், எதை வல்லுநரிடம் விடலாம், எதை அப்படியே விட்டுவிடலாம் என்று வகைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெருகு என்பது வரவா, செலவா?

'மெருகு ஏற்றுதல்' என்று சொல்கிறோம். எதையோ கூட்டுவதுபோல் அச்சொல் ஒலிக்கிறது. உண்மையில் அங்கே நிகழ்வது கழித்தலே. கீறல் என்பது பரப்பில் விழுந்த நுண்ணிய பள்ளம். மெருகிடுபவர் அப்பள்ளத்தை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள உலோகத்தைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குகிறார். சுற்றுப்புறம் தாழ்ந்துவிடுவதால் பள்ளம் கண்ணுக்கு மறைகிறது.

வணிகவியல் மொழியில் கூறினால், இது வட்டியிலிருந்து செய்யும் செலவன்று. முதலிலிருந்து எடுக்கும் செலவு. ஒருமுறை எடுத்தால் தெரியாது. மூன்று, நான்கு முறை எடுத்தபின் கூட்டின் கூரிய விளிம்புகள் மழுங்கும். வாரைத் தாங்கும் கொம்புகள் மெலியும். பின்மூடியில் பொறித்த எழுத்துகளும், தங்கக் கூட்டிலுள்ள தர முத்திரைகளும் மங்கும். ஆழ்ந்த வடுவை லேசர் பற்றவைப்பினால் உலோகமிட்டு நிரப்பிச் சீரமைக்கும் வல்லுநர் உண்டு. ஆயினும் அது செலவு மிகுந்த சிறப்புப் பணி. மெல்லிய கீறலுக்கு உரிய வழியன்று.

எனவே முதற்பாடம் இது: கீறலை ஓராண்டு கழித்தும் நீக்கலாம், இன்று தேய்த்து எடுத்த உலோகத்தை ஓராண்டு கழித்துத் திரும்பப் பெற இயலாது.

அது கீறல்தானா?

கீறல் என்று நாம் எண்ணுவன எல்லாம் கீறல்கள் அல்ல. வியர்வை, தூசி, சந்தனம், களிம்பு ஆகியவை படிந்து உலர்ந்த கோடுகளும் அவ்வாறே தோன்றும். மென்மையான வேறோர் உலோகம் உரசிச் சென்ற இடத்தில் அவ்வுலோகமே பூச்சாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே முதலில் தூய்மை செய்து பார்க்க வேண்டும்.

கடிகாரம் நீர்புகாத் தன்மை உடையதாகவும், அத்தன்மை அண்மையில் சோதிக்கப்பட்டதாகவும் இருந்தால், சாவிக் குமிழ் நன்கு மூடியுள்ளதா என்று உறுதி செய்துகொண்டு, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைசலிட்டு, குழந்தைகளுக்கான மிருதுவான பல்துலக்கியால் மெதுவாகத் துடைத்துக் கழுவலாம். தோல் வாரை முன்னரே கழற்றிவிட வேண்டும். பழைய கடிகாரமாயின் நீரில் நனைக்காமல், சற்றே ஈரமாக்கிய மென்துணியால் துடைத்தலே தக்கது.

அதன்பின்னும் கோடு இருப்பின், விரல் நகத்தை அதன் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தடையின்றி வழுக்கிச் சென்றால் அது மேலோட்டமானது. நகம் தட்டி நின்றால் அது ஆழமானது. அதனை வீட்டில் தொடுதல் ஆகாது.

கண்ணாடியின் வகை

கடிகாரக் கண்ணாடி மூவகைப்படும். எச்.எம்.டி. ஜனதா போன்ற பழைய கடிகாரங்களில் இருப்பது அக்ரிலிக் என்னும் நெகிழிக் கண்ணாடி. ஒமேகாவின் ஸ்பீடுமாஸ்டர் வரிசையிலும் இவ்வகைக் கண்ணாடி பொருத்திய வடிவம் ஒன்று உண்டு. இது எளிதில் கீறுபடும். எளிதில் சீர்படவும் செய்யும். இதற்கென விற்கும் மெருகுப் பசையைச் சிறிதளவு பருத்தித் துணியில் எடுத்து, இரண்டு மூன்று நிமிடங்கள் சிறு வட்டங்களாகத் தேய்த்தால் மெல்லிய கீறல்கள் மறையும். சுற்றியுள்ள உலோக வளையத்தை முன்னதாகக் காகித ஒட்டுநாடாவால் மூடிக்கொள்ள வேண்டும். வீட்டிலேயே அச்சமின்றிச் செய்யத்தக்க பணி இது ஒன்றே எனலாம்.

இரண்டாவது, கடினமாக்கிய சாதாரணக் கண்ணாடி. இதில் விழுந்த கீறலைத் தேய்த்துப் போக்குவது பெரும்பாலும் பயன் தராது; கண்ணாடியை மாற்றுவதே சிக்கனம்.

மூன்றாவது, உயர்விலைக் கடிகாரங்களில் பெரிதும் காணப்படும் செயற்கை நீலக்கல் கண்ணாடி. கடைகளில் 'சஃபயர்' என்பர். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் வைரம் 10, நீலக்கல் 9, மணலிலும் தெருத் தூசியிலும் கலந்துள்ள குவார்ட்ஸ் 7. ஆகவே மணல் நீலக்கல்லைக் கீறாது. ஆனால் வைரம் கீறும். கடிகாரம் அணிந்த கையிலேயே வைர வளையல் அணிவோர் இதனை நினைவில் கொள்க. நீலக்கல்லின் மேற்புறத்தில் ஒளி எதிரொளிக்காதிருக்க இட்ட மெல்லிய பூச்சு சில கடிகாரங்களில் உண்டு. கண்ணாடி கீறுபட்டதாகத் தோன்றும்போது பல நேரம் கீறுபட்டிருப்பது இப்பூச்சு மட்டுமே. பசையிட்டுத் தேய்த்தால் அது திட்டுத் திட்டாக உரிந்து, முன்னிலும் அலங்கோலமாகும்.

கூட்டின் உலோகம்

துருப்பிடிக்கா எஃகுக் கூட்டில் இருவகைப் பரப்பு இருக்கும். ஒன்று, முகம் தெரியுமளவு பளபளப்பானது; மற்றொன்று, ஒரே திசையில் நுண்கோடுகள் இழைத்து மங்கலாக்கப்பட்டது. பெரும்பாலான கடிகாரங்களில் இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்து, இடையே கத்திமுனைபோன்ற விளிம்பு ஓடும். வடிவமைப்பின் அழகே அவ்விளிம்பில்தான் உள்ளது. ஜப்பானின் கிராண்ட் சீகோ நிறுவனம் ஸராட்சு என்னும் முறையில், தட்டையான உலோகப் பரப்பைப் பிம்பம் சிதறாத அளவுக்கு மெருகிடுகிறது. அத்தகைய பரப்பைத் துணியால் தேய்த்து மீட்க முடியாது.

பளபளப்பான எஃகில் மயிரிழை போன்ற கீறல்கள் மட்டும் இருந்தால், மெருகுப் பொருள் ஊட்டிய துணியால் அவ்விடத்தை மட்டும் இலேசாகத் துடைக்கலாம். அருகிலுள்ள கோடிழைத்த பகுதியை ஒட்டுநாடாவால் மூடிக்கொள்க. கோடிழைத்த பரப்பை அத்துணியால் தொட்டால் அங்கே பளபளப்பான திட்டு ஒன்று தோன்றிக் கண்ணை உறுத்தும். பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொண்டு கோடிடலாம் என்று சிலர் அறிவுரை கூறுவர். கை ஒரு நூலளவு சாய்ந்தாலும் கோடுகளின் திசை மாறிவிடும் என்பதால் அது கைதேர்ந்தோர்க்கே உரியது.

பொன் இரு தன்மையது. 18 கேரட் தங்கக் கூட்டில் 75 விழுக்காடு தங்கம். அது மென்மையானது, எளிதில் வடுப்படும். அதனைத் தேய்க்கும்போது துணியில் ஒட்டுவது தங்கமே. முலாம் பூசிய கூடாயின் நிலைமை இன்னும் கடுமை. 10 மைக்ரான் முலாம் என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். சிலமுறை மெருகிட்டால் உள்ளிருக்கும் பித்தளை எட்டிப்பார்க்கும்.

டைட்டானியத்தின் மேற்பரப்பு எளிதில் கீறுபடும். அதைச் சீரமைக்கத் தனிப் பயிற்சி தேவை. செராமிக் கீறுபடுவது அரிது. ஆனால் கடினத் தரையில் விழுந்தால் உடையக்கூடும், உடைந்தால் மாற்றுவது ஒன்றே வழி. கறுப்புப் பூச்சிட்ட கூடுகளில் பூச்சின் தடிமன் சில மைக்ரான்களே. அவற்றில் மெருகு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பழுதகத்தில் எழுதித் தர வேண்டிய ஒரு வரி

இயந்திரக் கடிகாரத்தைக் குறித்த கால இடைவெளியில் முழுமையாகப் பிரித்து எண்ணெயிட வேண்டும். ரோலெக்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 10 ஆண்டுக்கு ஒருமுறை எனப் பரிந்துரைக்கிறது. முழுப் பராமரிப்பின்போது கூட்டை மெருகிட்டுத் தருவதும் பல இடங்களில் அதே கட்டணத்தில் அடங்கும். வாடிக்கையாளர் எதுவும் கூறாவிட்டால் அது தானாகவே செய்யப்பட்டுவிடலாம். வேண்டாமெனில், 'மெருகிட வேண்டாம்' என்று பணி ஆணையிலேயே எழுதச் செய்து நகல் பெறுக.

மெருகிடவே விரும்பினால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இயந்திரத்தை வெளியே எடுத்தபின் கூட்டை மெருகிடுவீர்களா? கோடிழைத்த பரப்பும் விளிம்புகளும் பழைய வடிவிலேயே திரும்புமா? இறுதியில் ரப்பர் வளையங்களை மாற்றி, நீர்புகாச் சோதனை செய்து சான்று தருவீர்களா? ஒன்றுக்கேனும் தெளிவான விடை கிடைக்காவிடில், கடிகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதே நலம்.

மதிப்பு எங்கே இருக்கிறது?

அமெரிக்க நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி ஜோன் உட்வர்டு பரிசளித்த ரோலெக்ஸ் டேடோனா கைக்கடிகாரம், 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கும் மேலாக விலைபோனது. ஏலத்தில் அதுவரை எந்தக் கைக்கடிகாரமும் காணாத விலை அது. வண்டியைக் கவனமாக ஓட்டும்படி கணவருக்கு அவர் பொறிக்கச் செய்த சொற்கள் அதன் பின்மூடியில் உள்ளன. இடையில் எவரேனும் ஒருவர் அம்மூடியைப் பளபளப்பாக்க முனைந்து, அவ்வெழுத்துகளை அழித்திருந்தால், அது யாருடைய கடிகாரம் என்று சொல்லும் சான்றே மறைந்திருக்கும். நம் வீட்டுக் கடிகாரத்துக்கு அவ்வளவு விலை இல்லை. ஆயினும் விதி ஒன்றே. தேய்மானமுற்றாலும் முதல் வடிவம் மாறாத கடிகாரத்துக்கே சேகரிப்போர் கூடுதல் விலை தருகின்றனர்.

ஆவணமும் மதிப்பின் ஒரு பகுதியே. விலைச்சீட்டு, உத்தரவாத அட்டை, பெட்டி, பராமரிப்பு ரசீதுகள் ஆகியவற்றை ஒரே உறையில் பேணுக. 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை விற்பவர் 1 விழுக்காட்டை மூலத்தில் வரியாக வசூலித்து, வாங்குபவரின் பான் எண்ணில் செலுத்த வேண்டும். இது கூடுதல் சுமையன்று. வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளத்தக்கது. அதன் சான்றையும் அவ்வுறையில் சேர்த்து வைக்கலாம்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, களவும் தீயும் காப்புக்குள் அடங்கினாலும், அன்றாடத் தேய்மானத்தையும் கீறலையும் ஒப்பந்தங்கள் பொதுவாக விலக்கிவிடும். வங்கிப் பெட்டகத்தில் வைப்போர் மற்றொன்றும் அறிய வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் ஏற்படும் இழப்புக்கு வங்கியின் பொறுப்பு, பெட்டக ஆண்டு வாடகையின் 100 மடங்கு. வாடகை 3,000 ரூபாய் எனில் அது 3 லட்சம் ரூபாய். அதற்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளுக்குத் தனிக் காப்பீடு எடுப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு. பெட்டகத்தினுள் கடிகாரத்தை நகைகளோடு சேர்த்து ஒரே பையில் இடாதீர்கள். அணியாத பொருளும் அங்கே கீறுபடும். தனித்தனி மென்துணிப் பை போதுமானது.

முடிவாகச் சில நடைமுறைகள்

அலுவலக மேசையிலும் மடிக்கணினியின் விளிம்பிலும் உரசிப் பெரும்பாலும் கீறுபடுவது வாரின் பூட்டே. எழுதும்போது கடிகாரத்தைக் கழற்றி மென்துணிமேல் வைக்கலாம். பயணத்தில் சாவிக்கொத்தோடு ஒரே பையில் இடுதலைத் தவிர்க்கலாம். இரவில் கழற்றியதும் ஒருமுறை துடைத்து வைத்தால், தூசியே தேய்ப்புத்தாளாக மாறுவது தடுக்கப்படும்.

இவற்றையும் மீறி விழும் மெல்லிய கீறலுக்கு ஒரு தவணை கொடுங்கள்: அடுத்த முழுப் பராமரிப்பு வரை. அந்நாளில் அது இன்னும் உங்கள் கண்ணை உறுத்துமானால், வல்லுநரிடம் ஒருமுறை மட்டும், முறையாக மெருகிடச் செய்யலாம். உறுத்தாவிடில், கூட்டின் உலோகம் முழுதும் உங்களிடமே இருக்கும். நாளை அதை அணியப்போகும் பிள்ளைகளுக்கும் அது குறைவின்றிப் போய்ச் சேரும்.