உடைந்த உள்ளங்களும் மஹல்லாவின் கடமையும்



2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை, கடல் பொங்கி நம் கரையோர மக்களை வாரிச் சென்றதை எவரும் மறந்திருக்க முடியாது. தமிழகத்தில் சுமார் 8,000 பேர் மாண்டனர். அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகை மாவட்டத்தினர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவச் சகோதரர்களுக்கு உணவும் தங்க இடமும் அளித்தனர். நாகையில் முஸ்லிம் இளைஞர்கள் மதபேதம் பாராமல் உடல்களைத் தூக்கி அடக்கம் செய்தனர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி நல்குவானாக!

சோறு கொடுத்தோம், துணி கொடுத்தோம். உடைந்துபோன உள்ளத்திற்கு என்ன கொடுத்தோம்? "இது பாவத்தின் தண்டனை" என்று சில மேடைகளில் முழங்கப்பட்டது. கைப்பிள்ளையை அலைக்குப் பறிகொடுத்த தாயின் செவியில் அச்சொல் எப்படி விழுந்திருக்கும் என்று ஆலிம்களாகிய நாம்தான் முதலில் சிந்திக்க வேண்டும். நீரில் மூழ்கி மவுத்தாகும் முஃமினுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்க, அந்த ஆறுதலை மறைத்துவிட்டு வேதனையை எடுத்து வைப்பது எவ்வகை உபதேசம்?

வேறு சிலர், "அழாதே, ஸப்ர் செய்" என்கின்றனர். ஸப்ர் என்பது கண்ணீரை விழுங்குவதன்று. அழகிய பொறுமையை மேற்கொண்ட யஃகூப் (அலை) அவர்களின் கண்கள், மகன் யூஸுஃபின் பிரிவுத் துயரால் வெளுத்துப்போனதைத் திருக்குர்ஆனே கூறுகின்றது. குழந்தையை ஆற்றில் விட்ட மூஸா (அலை) அவர்களின் அன்னையாருடைய உள்ளம் வெறுமையாகிப் போனதையும், அல்லாஹ்வே அதனை உறுதிப்படுத்தியதையும் ஓதுகிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது கண்ணீர் வடித்தார்கள். நாவினால் மட்டும் இறைவனுக்குப் பொருந்தாத எதையும் மொழியவில்லை. ஆக, அழுகை ஈமானின் குறைவன்று. ஒப்பாரியும் மார்பில் அறைதலுமே விலக்கப்பட்டவை.

பேரிடரைக் கண்டவர் உறக்கமின்றித் தவிப்பார். சிறு சப்தத்திற்கும் திடுக்கிடுவார். பிள்ளைகள் படுக்கையை நனைப்பர். தாயை விட்டு அகல மறுப்பர். இதனை "ஜின் பிடித்தது" என்றோ, "நடிப்பு" என்றோ கூறலாகாது. அடிபட்ட உடல் வீங்குவது போல, அடிபட்ட மனத்தின் இயல்பு இது. அன்பும் பாதுகாப்பும் கிடைத்தால் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவர்.

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு மூன்று காரியங்களைக் கற்பிக்கின்றது. நம் மார்க்கத்தில் அவை புதியன அல்ல.

முதலாவது, பார்த்தல். யாருக்குக் காயம், யாருக்குப் பசி, தனித்து விடப்பட்ட பிள்ளை யார் என்று கவனித்தல். மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவர்களுடைய குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபியவர்கள் ஏவினார்கள். துயருற்ற வீட்டில் அடுப்பு எரியாது என்பதைக் கவனித்த கருணை அது.

இரண்டாவது, கேட்டல். நடந்ததைச் சொல்லுமாறு நச்சரிக்கக் கூடாது. வற்புறுத்தி நினைவுகூரச் செய்வது புண்ணைக் கீறுவதாகும். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். மௌனமாயிருந்தால் அருகில் அமர்ந்திருப்பதே போதும். வளர்த்த சிறு குருவி இறந்து வாடியிருந்த அபூ உமைர் என்னும் சிறுவரிடம் அக்குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்களே நபியவர்கள்! சிறுவரின் துக்கத்தை அவர்கள் சிறிதாக எண்ணவில்லை.

மூன்றாவது, சேர்த்தல். உறவினரிடமும், உதவி கிடைக்கும் இடத்திலும், தேவைப்பட்டால் மருத்துவரிடமும் சேர்ப்பித்தல். ஒரு மாதம் கடந்தும் உறக்கமும் உணவும் சீராகாதவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்க. சாவைப் பற்றிப் பேசுபவரைத் தனியே விடாமல் அன்றே அழைத்துச் செல்க. 2022 முதல் நம் நாட்டில் 14416 என்ற தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. மருத்துவம் செய்யுமாறு ஏவியவர்கள் நம் நபியவர்களே.

சுனாமிக்குப் பின் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார், ஊர்த் தொண்டர்களுக்கே இப்பயிற்சியை அளித்தனர். நம் மஹல்லாக்களும் புயலும் வெள்ளமும் வருமுன்பே இதனைக் கற்றுவைக்க வேண்டும். இமாம், மதரஸா உஸ்தாது, ஆலிமாக்கள், இளைஞர்கள் ஆகியோரோடு, மய்யித்தைக் குளிப்பாட்டுவோரும் இதில் அமர வேண்டும். உடல்களைச் சுமந்த இளைஞரின் உறக்கத்தைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. அவருக்கும் ஓய்வும் ஆறுதலும் வேண்டும். அறிவுள்ள ஒரு மருத்துவரை அழைத்து, பள்ளிவாசல் மண்டபத்திலேயே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே வகுப்பு நடத்தலாம். விதவைகளின் வீடுகளுக்கு யார் செல்வது, அநாதைகளை யார் கவனிப்பது என்பதை எழுதி வைக்கலாம். நாற்பது நாட்களில் கூட்டம் கலைந்துவிடும், துயரம் கலைவதில்லை. ஆகவே ஆறாம் மாதமும், ஆண்டு நிறைவிலும் மறவாது சென்று விசாரிக்க வேண்டும்.

முஃமின்கள் ஓருடலைப் போன்றவர்கள் என்றனர் நபியவர்கள். ஓர் உறுப்பு நோகும்போது மற்றவை உறங்காமலிருக்க வேண்டும். அண்டை வீட்டாரும், அவர் எம்மதத்தினராயினும், நம் பரிவுக்கு உரியவரே.

உடைந்த உள்ளங்களை நம் நாவினால் மேலும் உடைக்காமல், நம் கரங்களால் தாங்கும் தௌபீக்கை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.