மலை இறங்குவதற்குள் காப்பி போடுங்கள்

கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைத் திருவிழா இரவில் கட்டிக்கொண்ட தாலியை, மறுநாள் திருநங்கையர் அறுத்து அழுவார்கள். ‘அக்கா, இன்னொரு தடவை’ என்று எந்த போட்டோகிராபரும் கேட்க முடியாது. அந்தப் படத்தோடு கார்டு செத்துப்போனால், பில் எழுத உங்களிடம் ஒன்றுமில்லை.

கூவாகம் இருக்கும் கள்ளக்குறிச்சிப் பக்கம் வேலை ஒப்புக்கொண்டால் கிளவுடை நம்பிக் கிளம்பாதீர்கள். கச்சிராயப்பாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால் பல இடங்களில் சிக்னலே நிற்காது. நொடிக்கு 5 மெகாபிட் வேகம் கிடைத்தாலும் 64 ஜிபி கார்டை ஏற்றி முடிக்க 28 மணி நேரம் ஆகும். கூகுள் போட்டோஸ் தந்த வரம்பில்லா இலவசமும் 2021 ஜூன் 1-உடன் போயிற்று. மிச்சம் 15 ஜிபி, அதிலேயே ஜிமெயிலும் அடக்கம்.

மலையில் கைகொடுப்பது எஸ்எஸ்டிதான். ஹார்ட் டிஸ்க் விலை குறைவு, உண்மை. ஆனால் உள்ளே தட்டு சுழல்கிறது. வெள்ளிமலை பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே காப்பி போட அது ஆகாது. லேப்டாப்பும் வேண்டாம். கார்டு ரீடரையும் எஸ்எஸ்டியையும் செருகக்கூடிய சின்ன ஹப் ஒன்றைப் போனில் மாட்டினால் போதும். வீட்டிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: சில போன்களிலிருந்து எஸ்எஸ்டிக்குப் போதிய மின்சாரம் வராது, பவர் பேங்க் செருகும் ஹப் தேவைப்படும். எஸ்எஸ்டியை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்துவையுங்கள். நொடிக்கு 80 எம்பி வேகம் வந்தால் 64 ஜிபிக்கு 14 நிமிடம். ஒரு டீ, ஒரு வடை. பழைய யுஎஸ்பி 2 வயரில் அரை மணிக்கு மேல்.

காப்பி ஆன கையோடு கார்டை அழிப்பதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். நானும் மாட்டினேன், இரண்டு ஃபோல்டரில் ஒன்று வந்து சேரவே இல்லை. அன்றிலிருந்து படங்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்து, நடுவிலிருந்து நாலைந்தைத் திறந்து பார்க்காமல் விடுவதில்லை. பார்த்த பிறகும் பயணம் முடியும்வரை ஃபார்மேட் கிடையாது; கூடுதலாக இரண்டு கார்டு வாங்குவது மலிவு. தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்கலாம்.

கேமராவில் இரண்டு ஸ்லாட் இருந்தால் ‘பேக்கப்’பில் வையுங்கள். ‘ஓவர்ஃப்ளோ’வில் முதல் கார்டு நிறைந்த பிறகுதான் இரண்டாவதில் எழுதும், அது பாதுகாப்பு ஆகாது.

எஸ்எஸ்டியை ஜிப் கவரில் போட்டு இடுப்பில் கட்டுங்கள். கார்டுகள் கேமரா பையிலேயே இருக்கட்டும். பெரியார் அருவிப் பாறையில் கேமரா பை நழுவினால் அதோடு போகட்டும்.